ஆயில் லைட் எரிந்தால் முகூர்த்தம் காத்திருக்கட்டும்



போன வைகாசியில் சிதம்பரத்தில் நடந்த நம் வீட்டுக் கல்யாணத்துக்கு, தாலி கட்டி முடிந்த பிறகுதான் நாங்கள் மண்டபம் போய்ச் சேர்ந்தோம். கேட்டவர்களிடம் "வண்டி மக்கர்" என்று மழுப்பினேன். இன்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பியின் காரில் குறிஞ்சிப்பாடியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போனோம். ஓட்டியவன் என் பழைய மாணவன். கூப்பிட்டால் வந்து ஓட்டிக் கொடுத்து நாள் கூலி வாங்குகிற ஆக்டிங் டிரைவர். வடலூர் தாண்டி ஓரிடத்தில் வண்டியின் அடியில் 'டங்' என்று சத்தம் கேட்டது. பள்ளம்தான் என்று விட்டுவிட்டோம். சேத்தியாத்தோப்பைத் தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு, மூக்கு வைத்த எண்ணெய்க் கிண்டி மாதிரி.

"டீச்சர், ஆயில் லைட் எரியுது. வண்டிய நிறுத்தணும்" என்றான்.

"பத்து நிமிஷந்தானேப்பா, புவனகிரி போய்ப் பாத்துக்கலாம். முகூர்த்தம் தவறிடும்" என்றேன் நான்.

எட்டாம் வகுப்பில் என் பேச்சைத் தட்டாதவன், அன்றும் தட்டவில்லை. ஐந்தாறு கிலோமீட்டர் போயிருப்போம். 'டக் டக்' என்று சத்தம் வந்தது, இழுவை குறைந்தது, வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவே இல்லை.

கல் அடித்து ஆயில் சேம்பர் விரிசல் விட்டிருக்கிறது, ஆயில் முழுக்க வழிந்துவிட்டது, பேரிங் தேய்ந்து உருகி கிராங்கைக் கவ்விக்கொண்டது என்றார் மெக்கானிக். விளக்கு எரிந்தவுடன் நிறுத்தியிருந்தால் சேம்பரோடு சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். இன்ஜினை இறக்கி வேலை பார்த்ததில் எழுபதாயிரத்தைத் தாண்டியது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. உராய்வுப் பாடத்தை அவனுக்கு நடத்தியவளே நான். உள்ளங்கைகளைத் தேய்க்கச் சொல்வேன், சூடாகும். ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்க்கச் சொல்வேன், வழுக்கும். அந்தப் பாடம் அவனுக்கு நினைவிருந்தது. நான்தான் மறந்துவிட்டேன்.

நம் தாத்தாக்கள் மாட்டுவண்டி அச்சுக்கு மை போடாமல் வண்டி பூட்ட மாட்டார்கள். ஆனால் காரில் ஆயிலின் வேலை வெறும் வழுக்கல் மட்டும் இல்லை. 1880களில் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கை ஆராய்ந்தார். அதன் மேல்பக்கம் எண்ணெய் விடத் துளை போட்டார். அச்சு சுற்றியதும் எண்ணெய் அந்தத் துளை வழியாகவே மேலே பொங்கியது. அடைப்பு வைத்தால் அதையும் வெளியே தள்ளியது. சுற்றுகிற அச்சு எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, அந்த அழுத்தத்திலேயே மிதக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதைக் கணக்குப் போட்டு விளக்கினார்.

நம் கார் இன்ஜினிலும் அதே கதைதான். 3,000 ஆர்.பி.எம்மில் கிராங்க் ஒரு விநாடிக்கு 50 முறை சுற்றுகிறது. அதை பேரிங்கில் தொடாமல் வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். அது போனால் இரும்போடு உலோகம் உரசிச் சூடேறும், பேரிங் உருகும். சில நேரம் கனெக்டிங் ராடு முறிந்து இன்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தச் சிவப்பு விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரிகிறது என்றால் சேதம் அப்போதே தொடங்கியிருக்கலாம். பெட்ரோல் குறைந்ததாகக் காட்டும் விளக்கு மாதிரி, "இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்" என்று இதை நினைக்கவே கூடாது.

இன்ஷூரன்சையும் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட வண்டியைச் சரிசெய்யாமல் தொடர்ந்து ஓட்டினால், அதனால் கூடுகிற சேதம் உரிமையாளர் பொறுப்பு என்று சாதாரண மோட்டார் பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறது. எங்களுக்கும் சேம்பருக்குத்தான் பணம் வந்தது, இன்ஜினுக்கு வரவில்லை. இன்ஜினுக்கென்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்கிற பாதுகாப்பு உண்டு. உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இனி வீட்டுக்குள் நடந்தது. "டிரைவர் கவனமில்லாம ஓட்டிட்டான், அவன் கூலியில கழிச்சுக்கலாம்" என்று பேச்சு வந்தது. பேசியவர்கள் இதைப் படிப்பீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். நிறுத்தணும் என்று சொன்னவன் அவன். போ என்று சொன்னவள் நான். தம்பியிடம் அதைச் சொல்லி, செலவில் பாதியை என் பென்ஷனிலிருந்து கொடுத்தேன். அவன் கூலியை முழுசாகக் கொடுக்க வைத்தேன்.

அவனிடம் "நான் சொன்னாலும் நீ நிறுத்தியிருக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டேன். "டீச்சர் சொல்லும்போது எப்படி டீச்சர்?" என்றான். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொடுத்தவள் நான். தெரிந்த விஷயத்தில் பெரியவர்களிடமும் "முடியாது" என்று சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை. அது என் குறைதான்.

ஆகவே கார் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது, நீண்ட பயணத்துக்கு முன்பு கட்டாயமாக, ஆயில் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும். அடியில் அடிபட்டால் இறங்கிக் குனிந்து பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

பின் சீட்டில் உட்காரும் என்னைப் போன்றவர்களுக்கும் ஒன்று. வண்டியை நிறுத்தணும் என்று டிரைவர் சொன்னால், அது கல்யாணமானாலும் கருமாதியானாலும், இறங்கி பஸ் பிடியுங்கள். நிறுத்தியவன் கூலியில் கை வைக்காதீர்கள்.

வண்டி ஓட்டிப் பிழைக்கும் என் மாணவர்களே, இனி நானே சொன்னாலும் கேட்காதீர்கள். நிறுத்துங்கள். டீச்சர் கோபிக்க மாட்டேன்.