மெதுவாக வளரட்டும் உங்கள் நாய்க்குட்டி

கிள்ளானில் நான் குடியிருக்கும் தாமானில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் கேட்டுக்குப் பின்னாலிருந்து பெரிய இன நாய் ஒன்று எட்டிப் பார்க்கும். லாப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று வகை வகையாக. திருட்டுப் பயம் பாதி, பிள்ளைகளின் அடம் பாதி. ஆசையாக வாங்கி வந்த குட்டிக்கு என்ன போடுவது என்ற கேள்விக்கு மட்டும் நம்மில் பலர் சரியான ஆளிடம் பதில் தேடுவதில்லை.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தவன் என் நான்காம் படிவ மாணவன் ஒருவன். ஐந்து மாத லாப்ரடோர் குட்டி, 24 கிலோ எடை. கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டி, "பாருங்க டீச்சர், எப்படி கொழுகொழுன்னு இருக்கு" என்று பெருமைப்பட்டான். இரண்டு வாரம் கழித்து முகம் வாடி வந்தான். குட்டி முன்னங்காலை ஊன்ற மாட்டேன் என்கிறதாம். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். தோள் மூட்டின் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறவில்லை என்று சொல்லி, "முதலில் கால்சியத்தை நிறுத்துங்கள், பிறகு சாப்பாட்டைக் குறையுங்கள்" என்றாராம் மருத்துவர்.

எந்தக் கால்சியம் என்று கேட்டேன். குட்டி வாங்கிய கடையில் ஒரு டின் கால்சியம் மாவை இலவசமாகக் கொடுத்து, "பெரிய நாய், எலும்பு பலமாக வேண்டும், தினமும் ஒரு கரண்டி போடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா காலையில் ஒரு கரண்டி போட்டார். பாட்டி, மறந்திருப்பார்களோ என்று மாலையில் இன்னொரு கரண்டி போட்டார். பாசத்தில் குறை வைக்காத குடும்பம். அந்தப் பாசம்தான் குட்டியின் காலைப் பிடித்தது.

பெரிய எலும்புக்கு அதிகக் கால்சியம் வேண்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நானே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அது எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

மனிதக் குழந்தை சுமார் 3 கிலோவில் பிறந்து, 60 கிலோவை எட்டப் பதினெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அதாவது 20 மடங்கு. லாப்ரடோர் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோகூட இருக்காது. ஒன்றரை வயதுக்குள் 30 கிலோவைத் தொட்டுவிடும். கிரேட் டேன் போன்ற இராட்சத இனங்களில் இந்தப் பெருக்கம் கிட்டத்தட்ட 100 மடங்கு. இவ்வளவு வேகத்தில் வளரும் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. சிறிய இன நாய்களில் அது எட்டு, பத்து மாதத்தில் மூடிவிடும். பெரிய இனங்களில் 12 முதல் 18 மாதம் வரை திறந்தே இருக்கும். அதுவரை அது ஈரம் காயாத சிமெண்டு மாதிரி. அதன் மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது, எப்படிப்பட்ட கலவையில் அது இறுகுகிறது என்பதைப் பொறுத்தே மூட்டின் வாழ்நாள் அமையும்.

வளர்ந்த நாயின் குடல் புத்திசாலி. உணவில் கால்சியம் கூடினால் குறைவாக உறிஞ்சும், குறைந்தால் அதிகமாக உறிஞ்சும். குட்டியின் குடலுக்கு அந்த வித்தை இன்னும் வரவில்லை. சுமார் ஆறு மாதம் வரை, உள்ளே போகும் கால்சியத்தில் பெரும்பங்கு தானாகவே இரத்தத்துக்குள் போய்விடுகிறது. வேண்டாம் என்று கதவை மூட அதற்குத் தெரியாது. வந்து குவிந்த கால்சியத்தை உடல் எலும்பில் கொண்டுபோய்ப் படியவைக்கிறது. எலும்பைக் கரைத்துச் செதுக்கி உருவம் கொடுக்கும் உயிரணுக்களின் வேலை மந்தமாகிறது. குருத்தெலும்பு எலும்பாக மாறும் இடத்தில் தாமதம் ஏற்படுகிறது. பலம் வேண்டும் என்று நாம் ஊட்டியது மூட்டில் பலவீனமாக முடிகிறது.

இது யாரோ வாய்வழியாகச் சொன்ன கதையல்ல. 1980களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹாசவின்கல் என்ற கால்நடை மருத்துவ அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் கிரேட் டேன் குட்டிகளுக்கு வழக்கமான அளவைப் போல் 3 மடங்கு கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு வளர்ச்சியில் தெளிவான கோளாறுகள் தோன்றின. அதற்கும் முன்பே, 1974ல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வில், சத்து மிகுந்த உணவை வேண்டுமளவு தின்ன விடப்பட்ட கிரேட் டேன் குட்டிகளுக்கு, அளவாகத் தின்ற குட்டிகளைவிட எலும்பு நோய்கள் அதிகமாக வந்தன. புரதம்தான் குற்றவாளி என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உட்ரெக்ட் குழு அதையும் சோதித்தது. 1991ல் வந்த முடிவின்படி, புரதத்தைக் கூட்டியதால் எலும்பு கெடவில்லை. ஆகவே புரதத்துக்குப் பயந்து கோழியை ஒதுக்க வேண்டாம். பயப்பட வேண்டியது கூடுதல் கால்சியத்துக்கும் கூடுதல் கலோரிக்கும்.

இப்போது கடைக்குப் போவோம். மூட்டையின் முன்பக்கத்தில் ஓடும் நாயின் படமும் ‘பிரீமியம்’ என்ற தங்க எழுத்தும் இருக்கும். அதைப் பார்த்தது போதும், மூட்டையைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அமெரிக்காவின் ஆஃப்கோ என்ற அமைப்பின் பெயரோடு ஒரு வாக்கியம் இருக்கலாம். குட்டிகளின் வளர்ச்சிக்கு ஏற்றது என்று மட்டும் இருந்தால் போதாது. ‘லார்ஜ் சைஸ் டாக்ஸ்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா, அதாவது வளர்ந்தபின் 70 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 32 கிலோ, அல்லது அதற்கு மேல் எடை வரும் நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று சொல்கிறதா எனப் பாருங்கள். ‘தவிர’ என்ற பொருளில் ‘எக்செப்ட்’ என்று இருந்தால் அந்த மூட்டை உங்கள் வீட்டுக்கானது அல்ல. ஒரு சொல்லில் இருக்கிறது வேறுபாடு. ஐரோப்பியத் தயாரிப்புகளில் இந்த வாக்கியம் இருக்காது. அங்கே கால்சிய அளவை நேரடியாகப் பாருங்கள்.

அந்த அளவு என்ன? ஆஃப்கோ கணக்கில் பெரிய இனக் குட்டிக்கான உணவின் உலர் எடையில் கால்சியம் குறைந்தது 1.2 விழுக்காடு, கூடினால் 1.8 விழுக்காடு. மற்றக் குட்டிகளுக்கு உச்சவரம்பு 2.5 வரை போகலாம். உலர் எடை என்பது தண்ணீரை நீக்கிய எடை. இதைக் கணக்கிட முதல் படிவ மாணவனே போதும். டின் உணவில் ஈரப்பதம் 78 விழுக்காடு, கால்சியம் 0.35 என்று போட்டிருந்தால் உலர்ந்த பகுதி 22. 0.35ஐ 22ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறக்குறைய 1.6. சரியான அளவு. 0.35 என்று பார்த்து, ஐயோ குறைவு என்று மாவைச் சேர்க்க ஓடுபவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கு.

அந்த இலவச டின்னையும் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். குட்டி ஒரு நாளைக்கு 300 கிராம் உலர் உணவு தின்கிறது, அதில் 1.2 விழுக்காடு கால்சியம் என்று கொள்வோம். அது 3.6 கிராம். ஈரத்தைக் கழித்தால் உலர் எடை சுமார் 270 கிராம், அதில் கால்சியம் 1.3 விழுக்காடு. எந்தக் குறையும் இல்லை. இதன் மேல் கால் பங்கு கால்சியம் கொண்ட எலும்பு மாவு 10 கிராம் தூவினால் இன்னும் 2.5 கிராம் சேர்கிறது. மொத்தம் 6.1 கிராம். விழுக்காடு ஏறக்குறைய 2.2. வரம்பைத் தாண்டியாயிற்று. பாட்டியின் மாலைக் கரண்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. முழுமையான குட்டி உணவு விற்கும் அதே கடை அதனுடன் கால்சியத்தையும் கொடுத்து அனுப்புவது அறியாமை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வழக்கம் நிற்க வேண்டும். இலவசமாகவே கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இதைச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள். "எங்கள் தோட்டத்தில் லயன் வீட்டு நாய்கள் மிச்சச் சோறும் கருவாட்டுத் தலையும் தின்று பதினைந்து வருஷம் வாழ்ந்தன. அதற்கெல்லாம் யார் கணக்குப் போட்டது?" என்பார் என் தாத்தா. உண்மைதான். ஆனால் அவை 15 கிலோவைத் தாண்டாத நாட்டு நாய்கள். நாள் முழுக்க ரப்பர் மரங்களுக்கு இடையே ஓடின, கிடைத்ததையெல்லாம் மென்றன. வாழ்ந்தவை மட்டும்தான் தாத்தாவின் நினைவில் நிற்கின்றன. ஈற்றில் எட்டுப் பிறந்தால் எத்தனை தேறின என்று யாரும் எண்ணவில்லை. முப்பது கிலோவுக்கென்று இனம் சேர்த்து உருவாக்கிய குட்டியை அந்தத் தராசில் நிறுத்த முடியாது.

வெறும் சோறும் கோழியும் போடுவது நேர் எதிரான ஆபத்து. இறைச்சியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் மிகச் சொற்பம். உடல் வேறு வழியின்றிக் குட்டியின் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். எலும்பு மெலிந்து, சில சமயம் விளையாடும்போதே முறியும். அப்படியானால் சமைத்துப் போடவே கூடாதா? கூடும், ஆனால் வளரும் பெரிய இனக் குட்டிக்குக் கண்ணளவில் சமைப்பது சரிவராது. கால்நடை ஊட்டச்சத்து தெரிந்த மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு வேண்டும். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நம் வட்டாரத்து மருத்துவரிடமே கேட்டாலும் வழி காட்டுவார். கறிக்குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம், அதிலுள்ள வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கிள்ளான்காரர்களுக்குத் தனியாக ஒன்று: பாக்குத்தே கடையில் மிஞ்சிய எலும்பைப் பொட்டலம் கட்டி வராதீர்கள். வெந்த எலும்பு கூர்மையாகச் சிலும்பி, தொண்டையிலோ குடலிலோ குத்தும்.

நல்ல மூட்டை வாங்கியாயிற்று. இனி அளவு. என் பார்வையில் எந்த நிறுவனத்தின் உணவு என்பதைவிட இதுவே பெரிது. 2002ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 48 லாப்ரடோர் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்று தின்ற அளவைவிட 25 விழுக்காடு குறைவாக மற்றதற்குக் கொடுத்தார்கள். வாழ்நாள் முழுக்க இப்படித்தான். குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. இடுப்பு மூட்டுக் கோளாறும் அவற்றில் குறைவு. இதை நடத்தியது நாய் உணவு விற்கும் பியூரினா நிறுவனம். குறைவாகப் போடுங்கள் என்று சொல்லும் முடிவைத் தன் சரக்கைப் பற்றி ஒரு வியாபாரி வெளியிட்டால் நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன்.

அதனால் கோப்பையால் அளக்காதீர்கள், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். மூட்டையில் அச்சிட்ட அளவு தொடக்கம் மட்டுமே. குட்டியின் உடம்புதான் மீதியைச் சொல்லும். இப்போதே கையை நீட்டி, விரல்களைத் தளர்த்தி, புறங்கையின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். எலும்பு மெல்லிய தோலுக்கு அடியில் தட்டுப்படுகிறதல்லவா? குட்டியின் விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். மடக்கிய முட்டியைப் போலத் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையின் சதைப்பகுதியைப் போல அழுத்தினால்தான் தெரியும் என்றால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். "என்ன, பிள்ளையைப் பட்டினி போடுகிறீர்களா?" என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்பார். கேட்கட்டும்.

நம் ஊர் வெயிலையும் ஈரத்தையும் பற்றி ஒரு வார்த்தை. கிலோ விலை மலிவு என்று 20 கிலோ மூட்டையைப் பிரித்துப் போட்டு இரண்டு மாதம் வைத்திருந்தால் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சையும் பிடிக்கலாம். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. 1988ல் பேராக்கில் நூடல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் மாண்டதற்கு அதுவே காரணமாகக் கண்டறியப்பட்டது, நினைவிருக்கும். 2020ன் இறுதியில் அமெரிக்காவில் ஒரு நாய் உணவில் அது கலந்து 100க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. மூட்டையின் வாயை இறுகக் கட்டி, மூடியுள்ள கலத்தில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் பிரித்து நிறுத்து விற்பதை வாங்காதீர்கள். அதில் பின்பக்கமே இல்லை, எதைப் படிப்பீர்கள்?

தானியமில்லா உணவு பற்றியும் கேட்பார்கள். விலை கூட, பெயரும் கவர்ச்சி. பட்டாணி, பருப்பு மிகுந்த அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018ல் விசாரிக்கத் தொடங்கியது. முடிந்த முடிவு வரவில்லை. பெரும்பாலான நாய்களுக்கு அரிசியோ சோளமோ ஒன்றும் செய்வதில்லை. கூடுதல் பணம் கொடுத்துச் சந்தேகத்தை வாங்குவானேன்?

என் மாணவனின் குட்டிக்கு இப்போது எட்டு மாதம். கால்சிய டின்னைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். பாட்டிக்கு மட்டும் ஒரு சலுகை: அன்றைய உணவில் ஒரு பிடியை முன்கூட்டியே எடுத்துக் கிண்ணத்தில் வைத்துவிடுகிறார்கள், அவர் விரும்பும்போதெல்லாம் அதிலிருந்து கொடுக்கலாம். ஞாயிறுதோறும் அவன் குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுகிறான், பிறகு தனியாக ஏறிக் கழிக்கிறான். எடையை அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைபடமாகப் போடுகிறான். நொண்டல் முழுவதும் போகவில்லை. அடுத்த மாதம் மறுபடி எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.