முதலில் தீவைக் காட்டுங்கள்

எங்கள் வையம்பட்டிப் பக்கம் ஸ்ரீரங்கம் போகாத பிள்ளையைப் பார்ப்பது அரிது. வேண்டுதல், கல்யாணம், மார்கழி ஏகாதசி என்று ஏதாவது ஒரு காரணத்துக்கு வேன் பிடித்துக் கூட்டிப் போயிருப்பார்கள். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: வரிசை. கம்பித் தடுப்புக்குள் பெரியவர்களின் இடுப்புக்கு நடுவே நசுங்கி நின்றது, சன்னதியில் யாரோ ஒரு நொடி தூக்கிக் காட்டியது, பிறகு தொன்னையில் புளியோதரை. அந்த ஊர் ஒரு தீவு என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. இதைப் பிள்ளைகளின் குறையாக நான் நினைக்கவில்லை. கூட்டிப் போகிறவர்களின் குறை.

பிரான்சில் வளர்கிற என் தங்கை மகள் இந்த ஆடியில் ஊருக்கு வந்திருந்தாள். வசந்த விடுமுறையில் அப்பா அம்மாவோடு மோன் சேன் மிஷேல் மடாலயத்துக்குப் போய் வந்த கதையை, திண்ணையில் உட்கார்ந்து என் தம்பி மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பொன்னணியாறு அணையைத் தவிர பெரிய தண்ணீரை அதிகம் பார்த்திராத எங்கள் மானாவாரிப் பையன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

நார்மண்டிக் கடற்கரைக்கு எதிரே மணல்வெளிக்கு நடுவில் நிற்கிற ஒற்றைப் பாறை அது. அதிதூதர் மிக்கேல் கனவில் வந்து சொன்னபடி, 708ஆம் ஆண்டு ஓபேர் என்ற ஆயர் அங்கே முதல் ஆலயத்தைக் கட்டினார் என்பது அந்த ஊர் ஐதீகம். 966இல் பெனடிக்ட் சபைத் துறவிகள் வந்து சேர்ந்தார்கள். பாறையின் மேல் மாடிக்கு மாடி கட்டிக்கொண்டே போனார்கள். ஆனால் அந்தப் பெண் ஆண்டு எதையும் சொல்லவில்லை. மூன்று விஷயங்கள் சொன்னாள். காலையில் நடந்து போன மணலில் பிறகு கடல் நின்றது. வாசலில் இரண்டு பெரிய பழைய பீரங்கிகள், இங்கிலாந்துக்காரர்கள் தீவைப் பிடிக்க வந்து முடியாமல் விட்டுவிட்டுப் போனவை. மூன்றாவது ஒரு ராட்சதச் சக்கரம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு மடாலயத்தைச் சிறைச்சாலையாக மாற்றி 1863 வரை வைத்திருந்தார்கள். கைதிகளை அந்தச் சக்கரத்துக்குள் நடக்கவிட்டு, அது சுழல்கிற வேகத்தில் கீழேயிருந்து சாமான்களைப் பாறை மேல் இழுத்தார்கள். "உள்ளே மனுஷங்க நடப்பாங்களாம்" என்று அவள் சொன்னபோது தம்பி மகன் என் பக்கம் திரும்பிக் கேட்டான்: "நம்ம பக்கம் இப்படி ஒண்ணும் இல்லையா பெரியப்பா?"

இருக்கிறது. அதைவிடப் பெரிதாக, ஒன்றரை மணி நேரக் கார் தூரத்தில் இருக்கிறது. அவன் அங்கே போயும் இருக்கிறான்.

இந்த முறை இரண்டு பேரையும் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப் போனபோது கோயிலில் ஆரம்பிக்கவில்லை. நேரே கரூர் சாலையில் முக்கொம்புக்குப் போனோம். தீவு எங்கே பிறக்கிறதோ அங்கிருந்துதான் பார்க்க வேண்டும். மேற்கிலிருந்து வருகிற காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் கிடக்கிற நிலம்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். கிழக்கே கல்லணை வரைக்கும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத் தீவு. கொள்ளிடம் பள்ளமான ஆறு. விட்டால் தண்ணீரெல்லாம் அதில் இறங்கிப் போய்விடும், தஞ்சாவூர் வயல்கள் காய்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் 1830களில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்ததையும், பிறகு புதுக் கதவணை கட்டியதையும் சொன்னேன். பையன் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டும் ஒரே தண்ணிதானா?" என்று கேட்டான். பள்ளியில் வரைபடத்தில் காட்டியிருப்பார்கள். தண்ணீரில் பார்த்தது இப்போதுதான்.

அங்கிருந்து திருச்சி மலைக்கோட்டை. உச்சிப் பிள்ளையார் கோயில் படி ஏறி வடக்கே பார்த்தால் தீவு முழுவதும் தெரியும். தென்னந்தோப்புக்கு மேலே கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அங்கே நின்று கொண்டு 1752ஐச் சொன்னேன். இந்தக் கோட்டைக்குள் ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய முகமது அலி. வெளியே அதே பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பும் அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படையும் முற்றுகை. முகமது அலிக்குத் துணையாக ஆங்கிலேயப் படை பெருகி வந்ததும் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா காவிரியைக் கடந்து தீவுக்குள் பின்வாங்கினார். மதில் மேல் மதிலாக இருந்த ரங்கநாதர் கோயில் அவருக்குக் கோட்டையாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆங்கிலேயர் பக்கத்துக் கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் போய் உட்கார்ந்து பாண்டிச்சேரிச் சாலையை மறித்தார். தெற்கே லாரன்ஸ் படை. சாப்பாடும் வரவில்லை, உதவிப் படையும் வரவில்லை. ஜூன் மாதம் லா சரணடைந்தார். சந்தா சாகிப் தஞ்சைத் தளபதியிடம் அடைக்கலம் கேட்டுப் போனார். அங்கே சந்தா சாகிப்பின் தலையை வெட்டிவிட்டார்கள்.

தங்கை மகளுக்கு நம்ப முடியவில்லை. "பிரெஞ்சுக்காரங்களா மாமா? கோயிலுக்குள்ளயா?" அவள் படிக்கிற பள்ளியில் இந்தத் தோல்வி பாடமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் பள்ளிகளிலும் கர்நாடகப் போர் என்றால் மதிப்பெண்ணுக்கு ஒரு பத்தி, அவ்வளவுதான். இரண்டு தீவுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் போர் விளங்குகிறது. நூறாண்டுப் போரில் மோன் சேன் மிஷேலைக் கடல் காப்பாற்றியது. கடைசிவரை எதிரி கையில் அது விழவில்லை. ஸ்ரீரங்கத்தில் இரண்டு ஆறுகளும் உள்ளே போனவர்களையே அடைத்துப் போட்டன. பாறையின் மேல் நின்று கையை நீட்டி, சமயபுரம் அந்தப் பக்கம், காவிரி இந்தப் பக்கம் என்று காட்டியதும், விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு கோயிலுக்குப் போனோம். ராஜகோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகக் கிடந்தது அது. 236 அடிக்கு எழுப்பிக் குடமுழுக்கு நடத்தியது 1987இல். அகோபில மடத்து ஜீயர் முன்னின்று நடத்திய அந்தத் திருப்பணியில் ஒரு நிலையை இளையராஜா தன் செலவில் கட்டிக் கொடுத்தார் என்றதும் இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்தது. மோன் சேன் மிஷேல் மடாலயத்து உச்சியில் மின்னுகிற மிக்கேல் சிலையும் 1897இல் வைத்ததுதான். பழைய இடங்களை ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்குக் கொஞ்சம் கட்டியிருக்கிறது.

கிழக்கே வெள்ளைக் கோபுரம். 1323இல் டில்லிப் படை வந்தபோது, கோயிலைக் காப்பாற்ற வெள்ளையம்மாள் என்ற தாசி படைத்தலைவனைக் கோபுரத்தின் மேல் அழைத்துப் போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள் என்று காலம்காலமாகச் சொல்கிறார்கள். அவள் நினைவாகத்தான் அது வர்ணம் பூசாமல் வெள்ளையாகவே நிற்கிறது என்பார்கள். அப்போது ஊரைவிட்டு எடுத்துப் போன உற்சவர் நம்பெருமாள் திரும்பி வந்தது 1371இல். ஏறக்குறைய அரை நூற்றாண்டு சாமி ஊரில் இல்லை என்பதைக் கேட்டுப் பையன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அதன் எதிரே சேஷராயர் மண்டபம். கால் தூக்கி நிற்கிற குதிரைகள், மேலே வீரர்கள், கீழே பாய்கிற புலி, அதைக் குத்துகிற ஈட்டி, எல்லாம் ஒரே கல்லில். குதிரையின் கடிவாளத்துக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள சந்தில் தங்கை மகள் விரலைக் கொண்டுபோய், தொடாமல், அப்படியே காற்றில் வளைத்துக் காட்டினாள். கல்லுக்குள் இவ்வளவு இடத்தை எப்படிக் குடைந்தார்கள் என்பது அவள் சந்தேகம். எனக்கும் அது தீராத சந்தேகம்.

மதில்களில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒரு சுவரில் பையனை நிறுத்தி, தெரிந்த எழுத்து ஏதாவது இருக்கிறதா பார் என்றேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றான். பிறகு ஒரு ட. கொஞ்சம் தள்ளி ஒரு ப. அப்புறம் ம. நூற்றாண்டுகளுக்கு முன் உளி வெட்டிய எழுத்து, நான்காம் வகுப்புப் பையனுக்குப் பிடிபடுகிறது! அவன் அந்தச் சுவரை விட்டு வரவே மறுத்தான். தாயார் சன்னதிக்குப் பக்கத்தில் ஐந்து குழி மூன்று வாசல் என்ற இடம், நெல் கொட்டி வைத்த பிரம்மாண்டமான செங்கல் கொட்டாரங்கள், துலுக்க நாச்சியார் சன்னதி என்று எல்லாவற்றையும் பார்த்தோம். பெருமாள் மேல் காதல் கொண்ட சுல்தான் மகளுக்காகக் காலையில் ரொட்டி நைவேத்தியம் நடப்பதைச் சொன்னேன். பெருமாள் சேவை கடைசியில்தான் கிடைத்தது. அப்போது பிள்ளைகள் வரிசையில் முனகவில்லை.

ஒரு விஷயத்தில் எனக்கு ஸ்ரீரங்கம்தான் உசத்தி. மோன் சேன் மிஷேல் பாறையில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் வெகு சிலர். இங்கே ஏழு பிராகாரத்தில் வெளி மூன்றும் ஊர். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் கோலம் போடுகிறார்கள், பால் வாங்குகிறார்கள், கல்யாணம் நடக்கிறது. ஆடியில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுக்கிறார். பட்டும் மாலையும் யானை மேல் வந்து ஆற்றில் இறங்குகின்றன. ஆற்றுக்குச் சீர் செய்கிற கோயில் இது.

இன்னொரு விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் நாம் கற்க வேண்டும். 1879இல் போட்ட கரைச்சாலையால் மணல் சேர்ந்து, மோன் சேன் மிஷேல் தீவாக இல்லாமல் போகிற நிலை வந்தது. பெருஞ்செலவு செய்து, கூஸ்னோன் ஆற்றில் கதவணை கட்டித் தண்ணீரால் மணலைத் தள்ளி, அந்தச் சாலைக்குப் பதிலாக 2014இல் தூண்கள் மேல் பாலம் போட்டார்கள். கார்களைத் தொலைவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நாமோ கோபுரத்தடி வரை வண்டியை விட்டிருக்கிறோம். கொள்ளிடத்து மணலை ஆண்டாண்டாக அள்ளியிருக்கிறோம். 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 வெள்ளத்தில் சாய்ந்ததை திருச்சி மாவட்டமே பார்த்தது.

கோயில் நிர்வாகம் ராஜகோபுர வாசலில் தீவு முழுவதையும் காட்டுகிற பெரிய வரைபடம் ஒன்றை வைக்கலாம். பள்ளிச் சுற்றுலா ஏற்பாடு செய்கிற ஆசிரியர்கள் முக்கொம்பில் தொடங்கலாம். பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான்: வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். காவிரியில் தண்ணீர் ஓடுகிற ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுங்கள். அந்த நாளை முழுதாகப் பிள்ளைக்குக் கொடுங்கள்.