பைலட் எரரும் யூசர் எரரும்

2025 நவம்பர் 14. மதியச் சாப்பாடு முடிஞ்சு, சிறுசேரி ஆபீஸ்ல சீரியஸா ஆணி புடுங்கிட்டு இருந்தேன். (நம்புங்க மக்கா.) வாட்ஸப்ல தகவல் வந்துச்சு, பக்கத்துல திருப்போரூர்கிட்ட ஏர்ஃபோர்ஸ் விமானம் விழுந்துருச்சுன்னு. தாம்பரத்துலேர்ந்து வழக்கமான பயிற்சிக்குக் கிளம்பின பிலாட்டஸ் பிசி-7. பைலட் குதிச்சுத் தப்பிச்சுட்டார். அப்பாடான்னு மூச்சு விடறதுக்குள்ள பக்கத்து சீட் நண்பர் தீர்ப்பு எழுதிட்டார்: "பைலட் எரரா இருக்கும் மச்சி."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா நாமளும் அதைத்தானே பண்றோம்? கஸ்டமர் ஒரு பக் சொல்லுவான். லாகைக்கூடத் திறக்காம "யூசர் எரர்"னு போட்டு டிக்கெட்டை மூடிடுவோம். அதே தப்பை இன்னும் பத்து பேர் பண்ணி, மேனேஜர் கத்தினதுக்கு அப்புறம்தான் தெரியும், சேவ் பட்டனுக்கு ஒட்டியே டிலீட் பட்டனை வெச்ச மகராசன் நாமதான்னு.

விமானப்படையில இந்த மாதிரி மூடின டிக்கெட் ஒண்ணு ரெண்டு இல்லை. 2012ல அன்னைக்குப் பாதுகாப்பு அமைச்சரா இருந்த ஏ.கே.அந்தோணி மாநிலங்களவையில கொடுத்த கணக்கு இது: வாங்கின மிக் ரக விமானங்கள் 872, அதுல விபத்து 482. செத்த பைலட்டுங்க 171 பேர், பொதுமக்கள் 39 பேர். காரணம்? மனிதத் தவறும் தொழில்நுட்பக் கோளாறும். ரெண்டே வரியில சோலி முடிஞ்சுது.

இந்த மனிதத் தவறு எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்த்தா வயிறு எரியும். 1982லயே லா ஃபோன்டைன் கமிட்டி சொல்லிட்டாங்க, பசங்களுக்கு நடுவுல ஒரு நல்ல ஜெட் பயிற்சி விமானம் வேணும்னு. ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004 மார்ச்ல. பீதர் தளத்துல சேர்த்தது 2008ல. 82ல பொறந்த குழந்தை, ஒப்பந்தம் போடறதுக்குள்ள இன்ஜினியரிங்கே முடிச்சிருக்கும். அதுவரைக்கும் மெதுவாப் போற கிரண் மாதிரி விமானத்துல கத்துக்கிட்ட சின்னப் பசங்களை, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல தரையிறங்குற மிக்-21ல ஏத்தி விட்டாங்க. எங்க ஊர் பாஷையில சொல்லணும்னா, திருவொற்றியூர் சந்துல டிவிஎஸ் 50 ஓட்டிப் பழகினவன் கையில கன்டெய்னர் ட்ரெய்லர் சாவியைக் கொடுத்து, "எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஓட்டுடா"ங்கிறது. அவன் இடிச்சா டிரைவர் தப்பாம்!

2001ல மிக்-21 விபத்துல மகனைப் பறிகொடுத்த கவிதா காட்கில்ங்கிற அம்மா, பழி மகன் தலையில விழுந்ததை ஏத்துக்காம வருஷக்கணக்காப் போராடினாங்க. உயிரோட இருக்கிறவன் மெமோவுக்கு பதில் எழுதலாம். செத்தவன் என்ன பண்ணுவான்?

பைலட்டுங்க தப்பே பண்ண மாட்டாங்கன்னு நான் சொல்ல வரலை. குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தை எடுத்துக்குங்க. 2021 டிசம்பர் 8, ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 உயிர் போச்சு. திடீர்னு வானிலை மாறி, மேகத்துக்குள்ள போய், பைலட்டுக்குத் திசை குழம்பிடுச்சுன்னு 2022 ஜனவரியில விமானப்படை சொன்னாங்க. 2024ல வந்த பார்லிமெண்ட் நிலைக்குழு அறிக்கையோட அட்டவணையில அதே விபத்து "மனிதத் தவறு"ன்னு சுருங்கிடுச்சு. பொய்யுன்னு சொல்லலை. ஆனா அந்த மேகம் எங்கே போச்சு?

இதையே சிவில் விமானத்துல பாருங்க. 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விபத்து. அறிக்கை மொத்தமும் அடுத்த வருஷமே வெளியே வந்துச்சு. விமானி விதிமுறையை மீறினார்னு அதுலயும் இருக்கு. ஆனா அதோட நிக்கலை. மறுநாள் காலையில அவர் அங்கேர்ந்தே இன்னொரு விமானம் ஓட்ட வேண்டியிருந்துச்சு, கோழிக்கோட்டுல போதுமான கேப்டன்களை வைக்காதது கம்பெனியோட தப்புன்னும் எழுதியிருக்காங்க. அதான் விசாரணை.

ராணுவ ரகசியம்பா, அதெல்லாம் வெளியே சொல்ல முடியாதுன்னு சிலர் வருவீங்க. அமெரிக்க விமானப்படை அவங்க பெரிய விபத்துகளோட விசாரணை வாரிய அறிக்கையைப் பொதுவுலயே போடுது. அவங்களுக்கு இல்லாத ரகசியமா? போர் விமானத்தோட ரேடார் விவரத்தை யாரும் கேக்கலை. ஒரு பயிற்சி விமானம் ஏன் விழுந்துச்சுன்னுதான் கேக்கறோம்.

எச்பிடி-32ன்னு ஒரு பயிற்சி விமானம் இருந்துச்சு. எஞ்சின் பாதியில நிக்கும்னு பேர் வாங்கினது. குதிக்கிறதுக்கு எஜெக்‌ஷன் சீட்டும் கிடையாது. 2009 ஜூலையில ரெண்டு பயிற்சி ஆசிரியர்கள் செத்த பிறகுதான் மொத்தமா நிறுத்தினாங்க. அதுக்குப் பதிலா வந்ததுதான் இந்த பிசி-7. இதுல சீட் இருக்கு, திருப்போரூர்ல ஒருத்தர் பொழைச்சார். 2023 டிசம்பர்ல தெலங்கானா தூப்ரான்ல இதே ரகம் விழுந்தப்ப ஆசிரியர், மாணவர் ரெண்டு பேருமே பொழைக்கலை. ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு தெரிஞ்சா, இப்ப பயிற்சியில இருக்கிற பையனைப் பெத்தவங்களுக்காவது உபயோகமா இருக்குமில்ல?

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னா, இந்த வார்த்தை எங்க வீட்டுக்குப் பழசு. அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர், நான் மாமான்னுதான் கூப்பிடுவேன், எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில இருந்தார். மெஷின்ல மூணு விரல் போச்சு. அறிக்கையில "ஊழியரின் கவனக்குறைவு"ன்னு எழுதினாங்க. அன்னிக்கு அவர் டபுள் ஷிஃப்ட், பதினஞ்சாவது மணி நேரம். அது எந்தப் பேப்பர்லயும் இல்லை.

திருப்போரூர் செய்தி வந்த அன்னிக்கு ராத்திரி மாமா வீட்டுக்கு வந்திருந்தார். டிவியில காட்டினதையே பார்த்துட்டு இருந்தவர் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"அந்தப் பையன் நேத்து ராத்திரி தூங்கினானாமா?"