கல் கொட்டுமுன் மணலைப் பாருங்கள்



கடலரிப்பு என்றாலே லாரி லாரியாகக் கல் கொட்டுவதுதான் தீர்வு என்றாகிவிட்டது. கல்சுவர் தன் பின்னால் இருக்கும் வீடுகளைக் காக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் மோதித் திரும்பும் அலை முன்னால் உள்ள மணலை அள்ளிப்போகிறது. சுவர் முடியும் இடத்தில் பக்கத்து ஊர்க் கரை அரிபடுகிறது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகரும். 1980களில் கட்டிய துறைமுகச் சுவர்கள் அதை மறித்ததால்தான் புதுச்சேரி நகரம் தன் மணற்கரையை இழந்தது.

மணல்மேடு செலவில்லாத அரண். புயலலை அதன் மணலை இழுத்துப்போய்க் கரைக்கு அப்பால் திட்டாகப் போடும். அடுத்த அலைகள் அத்திட்டிலேயே உடைந்து வலுவிழக்கும். கடல் அமைதியானதும் மணல் மெல்லக் கரையேறும். மேட்டைப் பிடித்துவைப்பவை அடும்பும் இராவணன் மீசையும். அடும்புக்கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். காற்றில் வரும் மணல் இலைகளுக்கடியில் தங்கி மேடு வளரும். இதைத்தான் நாம் களை என்று ஜேசிபியால் வழித்தெறிகிறோம், ரிசார்ட் ஜன்னலில் கடல் தெரிய வேண்டுமாம்!

வேதாரண்யம் பக்கத்து நாலுவேதபதியில் 2002இல் ஒரே நாளில் 80,000க்கும் மேற்பட்ட மரக்கன்றுகள் நட்டார்கள். 2004 சுனாமியில் அங்கே சேதம் குறைவு. அதற்காக அலை தொடும் மணல்வரை சவுக்கை நடுவதும் சரியல்ல. பங்குனி ஆமைக்கு முட்டையிட இடமிராது.

மணல்மேடுகளைச் சமன்செய்வதைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஏற்கெனவே தடைசெய்கிறது. கல்லுக்கு டெண்டர் விடுமுன், கடலோர மாவட்ட ஆட்சியர்கள் அந்தத் தடையை நடைமுறைப்படுத்த வேண்டும்.

– ஒரு வாசகர், நாகப்பட்டினம்