ப்ரெட்டை ஃப்ரீசரில் வைத்தால் சுகர் ஏறாதா? ரீல்ஸ் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்!

"வெள்ளை ப்ரெட் சாப்பிட்டா சுகர் ஏறும்னு பயமா? ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சிடுங்க. காலையில எடுத்து டோஸ்ட் பண்ணிச் சாப்பிடுங்க. சுகர் ஏறவே ஏறாது!"

இந்த ரகத்தில் ஒரு ரீல்ஸ் உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும். நீங்க ஒரு லைக்கைப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருப்பீங்க. ஆனா, அதே வீடியோ ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கும் வரும். அங்கே சுகர் மாத்திரை போடுற அப்பாவோ, அத்தையோ அதை அப்படியே நம்பிடுவாங்க. சிக்கலே அங்கேதான்.

இது ஏதோ நாலு வீட்டுப் பிரச்னை இல்லை. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாகின. அதன்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறார்கள். இவ்வளவு பேர் இருக்கிற நாட்டில், 'சுகர் ஏறாத ப்ரெட்' என்று யார் சொன்னாலும் கூட்டம் சேரத்தான் செய்யும். சரி, இதில் எவ்வளவு உண்மை?

பத்து பேர், ஒரு ஆய்வு

ரீல்ஸ்காரங்க சொல்றது முழுப் பொய் இல்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு ப்ரூக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுதான் இந்தப் பேச்சுக்கு முக்கியமான அடிப்படை. அவர்கள் வெள்ளை ப்ரெட்டை நாலு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியே, ஃப்ரீசரில் வைத்து எடுத்து, டோஸ்ட் செய்து, ஃப்ரீசரில் வைத்து எடுத்த பிறகு டோஸ்ட் செய்து. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள்.

வீட்டில் செய்த ப்ரெட்டில் வித்தியாசம் நல்லாவே தெரிந்தது. ஃப்ரெஷ் ப்ரெட்டுக்கு 259 என்று இருந்த அளவு, ஃப்ரீசரில் வைத்து எடுத்ததும் 179 ஆனது. டோஸ்ட்டும் செய்தபோது 157-க்கு இறங்கியது. ரீல்ஸ்ல பெரும்பாலும் இதோட நிறுத்திடுவாங்க.

ஆனா, நீங்களும் நானும் வாங்குறது கடை ப்ரெட். அதையும் அவர்கள் சோதித்தார்கள். ஃப்ரெஷ்ஷாக 253. வெறுமனே டோஸ்ட் செய்தால் 183. ஃப்ரீசரில் வைத்து, எடுத்து, டோஸ்ட் செய்தால் 187. புரியுதா? கடை ப்ரெட்டில் குறைத்தது டோஸ்ட்தான். அதோடு ஃப்ரீசரையும் சேர்த்ததில் கூடுதல் லாபம் எதுவும் கிடைக்கவில்லை. அதாவது, ரீல்ஸ்ல ஹீரோவா காட்டுற ஃப்ரீசருக்கு நம்ம கடை ப்ரெட்டில் கெஸ்ட் ரோல்தான்.

இன்னொண்ணு, இந்த ஆய்வில் கலந்துகிட்டது வெறும் 10 பேர். அத்தனை பேரும் ஆரோக்கியமானவர்கள். சுகர் இருக்கிறவங்களுக்கும் இதே அளவு குறையும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு சின்னக் கணக்கு போடுங்க. சாதாரண ஸ்லைஸ் ஒன்றில் சுமார் 12 கிராம் மாவுச்சத்து இருக்கும். வழக்கமா ரெண்டு ஸ்லைஸ் சாப்பிடுறவர், "இது ஃப்ரீசர் ப்ரெட்தானே, ஒண்ணும் பண்ணாது" என்று நாலு ஸ்லைஸ் சாப்பிட்டால் 24 கிராம் 48 கிராம் ஆகிவிடும். கால்வாசி குறைஞ்சாலும் கணக்கு எகிறித்தான் நிற்கும். இதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் ஆபத்து இன்னும் பெரிது.

ப்ரெட்டுக்குள்ள என்ன நடக்குது?

நேத்து சாதத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சா காலையில விறைச்சுக்கிட்டு நிக்கும்ல? ப்ரெட்டிலும் அதே கதைதான். அவனில் வேகும்போது மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து இளகுகிறது. ஆறியதும் மறுபடி இறுகத் தொடங்குகிறது. அப்படி இறுகும்போது அதில் ஒரு சிறு பகுதி, நம் குடல் சுலபமாக உடைக்க முடியாத வடிவத்துக்கு மாறுகிறது. அதைத்தான் 'ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்' என்கிறார்கள்.

'ப்ரெட் காஞ்சு போச்சு' என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் இந்த இறுக்கத்தைத்தான். ஈரம் கொஞ்சமும் போகாமல் காற்றுப் புகாமல் மூடி வைத்தாலும் ப்ரெட் பழசாகும் என்று, 1852-லேயே பூசங்கோ என்ற ஃபிரெஞ்சு வேதியியலாளர் காட்டிவிட்டார். அதைச் சூடு பண்ணினால் மறுபடி மெத்தென்று ஆகும் என்பதும் அவர் கண்டதுதான்.

இதில் நம் வீடுகளுக்கான முக்கியமான பாயின்ட் ஒன்று இருக்கு. இந்த இறுக்கம் ரொம்ப வேகமாக நடப்பது ஃப்ரிட்ஜின் குளிரில், அதாவது 4 டிகிரியை ஒட்டி. ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் அது கிட்டத்தட்ட நின்றே போகும். அதனால், ப்ரெட்டை மிச்சம் பிடிக்க நினைச்சா கீழ்த் தட்டைவிட மேலே இருக்கிற ஃப்ரீசர்தான் சரியான இடம். அதேசமயம், சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல வெளியே வெச்சா பூஞ்சை சீக்கிரம் வந்துடும். ரெண்டு மூணு நாள்ல டோஸ்ட் பண்ணிச் சாப்பிட்டு முடிச்சிடுவீங்கன்னா, ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதும் தப்பில்லை.

அப்போ ஃப்ரீசர் எதுக்கு?

குப்பைத்தொட்டியைக் காலியா வெச்சுக்க! ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, இந்திய வீடுகளில் ஒருவர் வருடத்துக்குச் சராசரியாக 55 கிலோ உணவுக்கழிவை உண்டாக்குகிறார். ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவங்களுக்கு இது தெரிந்த கதை. ஒரு பாக்கெட் வாங்குவோம். முதல் நாள் ப்ரெட் ஆம்லெட், ரெண்டாம் நாள் ஜாம். நாலாவது நாள் பாக்கெட்டைத் திறந்தால் ஓரத்தில் பச்சையாக ஏதோ பூத்திருக்கும்.

அப்படிப் பூத்துட்டா அந்த ஓரத்தை மட்டும் பிய்த்துப் போட்டுச் சாப்பிடாதீங்க. ப்ரெட் மெத்தென்று இருப்பதால் பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். முழு பாக்கெட்டையும் தூக்கிப் போடுவதுதான் சரி. அதை ஃப்ரீசரில் வைத்தாலும் பூஞ்சை சாகாது, தூங்கும். வெளியே எடுத்ததும் விழித்துக்கொள்ளும். எனவே, நல்லா இருக்கும்போதே ஃப்ரீசருக்கு அனுப்பணும்.

வைக்கும்போது...

* வாங்கின அன்னிக்கே, ரெண்டு நாளுக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுத்து வெச்சுக்கோங்க. மிச்சத்தை உள்ளே வெச்சிடுங்க.

* ரெண்டு ரெண்டு ஸ்லைஸாகப் பிரித்து, நடுவே பட்டர் பேப்பர் வைத்தால் ஒட்டாமல் வரும்.

* ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்க. காற்று இருந்தால் ப்ரெட் மேல் ஐஸ் படிந்து, ஓரமெல்லாம் வறண்டுவிடும்.

* கவர் மேல் தேதி எழுதுங்க. ஒரு மாதத்துக்குள் சாப்பிட்டால் ருசி குறையாது.

* பன், பாவ் எல்லாம் வைக்கலாம். கிரீம் பன் வேண்டாம், கிரீம் தண்ணி விட்டுடும்.

எடுக்கும்போது...

டோஸ்ட்தான் வேணும்னா காத்திருக்கவே வேண்டாம். ஃப்ரீசர்ல இருந்து நேரா தோசைக்கல்லுக்குப் போகலாம். சிறு தீயில் வைத்து ஒரு நிமிஷம் மூடி போடுங்க. பிறகு மூடியை எடுத்துட்டு ரெண்டு பக்கமும் பொன்னிறமா வாட்டுங்க. கருக விடாதீங்க. அதிகம் சிவக்கச் சிவக்க அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடுகிறது.

சாண்ட்விச்சுக்கு மெத்தென்று வேணுமா? கவரைத் திறக்காமலே அரை மணி நேரம் வெளியே வையுங்க. காற்றில் இருக்கும் ஈரம் கவரின் வெளிப்பக்கம்தான் படியும், ப்ரெட் நனையாது. அவசரம்னா மைக்ரோவேவில் 10, 15 விநாடி போதும். ஆனா, உடனே சாப்பிட்டுடணும். ஆறினா ரப்பர் மாதிரி இழுக்கும்.

சிங்கிள் டோர் வீடுகளுக்கு

நம்மில் நிறைய பேர் வீட்டில் இருப்பது சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்தான். அதன் மேலே இருக்கும் சின்ன ஃப்ரீசர் எப்போதும் மைனஸ் 18 டிகிரியில் நிற்கும் என்று சொல்ல முடியாது. சுவரில் ஐஸ் மலை மாதிரி வளர்ந்திருந்தால் முதலில் அதைக் கரைத்துவிடுங்க. இந்த மாதிரி ஃப்ரீசரில் ஒரு மாதம் என்பதை ரெண்டு வாரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கரன்ட் போனால் கதவைத் திறக்காதீங்க. ப்ரெட் முழுசா இளகிட்டா அன்னிக்கே சாப்பிட்டு முடிங்க. திரும்பத் திரும்ப உறைய வைத்தால் எடுக்கும்போது உதிர்ந்து கொட்டும்.

குரூப்ல என்ன பதில் போடலாம்?

ஃபேமிலி குரூப்பில் அந்த வீடியோ மறுபடி வந்தால், 'ஃபேக்' என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காதீங்க. அது பாதி உண்மை என்பதால், உங்க பதில் அவங்களுக்கு எடுபடாது. "ஃப்ரீசர்ல வைங்கப்பா, வீணாகாது. டோஸ்ட் பண்ணிச் சாப்பிடுங்க, கொஞ்சம் நல்லதுதான். ஆனா, அதே ரெண்டு ஸ்லைஸ்தான். கூட ஒரு முட்டையோ, கொஞ்சம் சுண்டலோ சேர்த்துக்கோங்க. மாத்திரையை டாக்டர் சொல்லாம மாத்தாதீங்க" என்று போடுங்க. டைப் பண்ணுறதைவிட போன் பண்ணியே சொல்லிட்டா இன்னும் நல்லது.