மீட்புக்கும் காவலுக்கும் ஒரே கருவி

மலேசியாவில், செலாயாங்கிலிருந்து ரவாங் வழியே வடக்கே சென்றால் வரும் பத்தாங் காலியில், 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடிவதற்கு வெகுநேரம் முன்பே மண் சரிந்து, முகாமில் உறங்கியவர்களுள் 31 பேரின் உயிரைக் கவர்ந்தபோதும், அதற்கு முந்திய ஆண்டு அதே மாதத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் சூழ்ந்தபோதும், மீட்புப் படையினருக்கு எவை அவசியமாயிருந்தன என்று எண்ணிப் பார்த்தால், இருளிலும் உடற்சூட்டை உணர்ந்து மனிதரைக் கண்டறியும் கருவியும், தொலைபேசிக் கோபுரம் செயலிழந்த பின்னும் செய்தி சுமக்கும் சாதனமும், மழைக்கு அஞ்சாத டிரோனும் நினைவுக்கு வரும். எல்லை காக்கும் வீரனுக்கு வேண்டியவையும் இவையே.

இவ்வாறு மக்களுக்கும் படைக்கும் ஒருங்கே பிரயோஜனமாகும் சாதனங்களைச் செய்யும் இளம் நிறுவனங்களை அரசாங்கங்களே தேடிப் பொருளுதவி செய்யும் காலம் இது. நேட்டோ தேசங்கள் ‘டயானா’ திட்டத்தின் வாயிலாக முதற்கட்டத்தில் ஒரு நிறுவனத்துக்கு 100,000 யூரோ வழங்குகின்றன. இந்தியா 2018 ஏப்ரலில், சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் ‘ஐடெக்ஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி முப்படையினர் தமக்குள்ள இடர்ப்பாட்டை முதலில் எழுதி வெளியிடுகின்றனர். தீர்வு காண முன்வரும் நிறுவனத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை மானியம் உண்டு. மாதிரிக் கருவி சோதனையில் தேறினால் படையே கொள்முதல் செய்ய வழியும் உண்டு. மானியத்தைக் காட்டிலும் இந்தக் கடைசி அம்சமே பெரிது என்பது என் துணிபு. ஏனெனில், நல்ல கருவியைச் செய்தவன் பணமின்றி நிற்பதைவிட, அதை முதலில் வாங்குவோர் இன்றி நிற்பதே அதிகம்.

அத்திட்டங்கள் அந்தந்தத் தேசத்து நிறுவனங்களுக்கே உரியவை. ஆதலால் மலேசியரான நாம் நமக்கென ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும். காஜாங்கில் பாதுகாப்பு அமைச்சின் ‘ஸ்திரைட்’ ஆராய்ச்சிக் கழகமும், 2003 முதல் புதிய நிறுவனங்களுக்கு உதவிவரும் ‘கிரேடல்’ நிதியும், புக்கிட் ஜாலிலில் டிரோன்களைச் சோதிக்க இடம் தரும் ‘மிராந்தி’ தொழில்நுட்பப் பூங்காவும் இருக்கையில், அவற்றை ஒரே திட்டத்தில் பிணைப்பது அசாத்தியமன்று.

அபாயமும் உண்டு. 2003இல் லிபியாவுக்குச் சென்ற கப்பலொன்றில் கைப்பற்றப்பட்ட யுரேனியச் செறிவூட்டல் இயந்திர உறுப்புகள் ஷா ஆலம் தொழிற்சாலையொன்றில் செய்யப்பட்டவை என்பது வெளிப்பட்டபோது, அவை எதற்கென்று தமக்குத் தெரியாதென்றே அந்நிறுவனத்தார் கூறினர். 2010ஆம் ஆண்டின் வியூக வாணிபச் சட்டம் இத்தகைய இருவகைப் பயன்பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. நிதி பெறும் ஒவ்வோர் இளைஞனும் இச்சட்டத்தை முதல் மாதத்திலேயே கற்கவேண்டும். உயிர்காக்கும் பயனை நிரூபிக்காத கருவிக்கு ஒரு காசும் தரலாகாது.

மலேசிய இந்தியரான நம் சமூகத்தாருக்கு, சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான டெக்குன் வழியே இப்போது கிடைக்கும் ‘ஸ்புமி’ கடன் கடைவைப்போருக்கு உற்ற துணைதான். ஆயினும், நீண்ட சோதனைக்குப் பின்னரே விற்பனைக்கு வரக்கூடிய ஓர் உணர்கருவியைச் செய்யும் கிள்ளான் பொறியியல் பட்டதாரிப் பெண்ணுக்கு, மாதத் தவணை கேட்கும் கடன் எவ்வாறு பொருந்தும்? அவளுக்கு வேண்டியது மானியமும், சோதனைக்களமும், வாங்குவோம் என்னும் உறுதிமொழியுமே. தீயணைப்பு மீட்புத் துறையும் ஆயுதப்படையும் கூடி எழுதிய தேவைப் பட்டியலோடு, அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே இத்தகைய உதவித் திட்டத்துக்கு நிதி ஒதுக்கி, வெள்ளத்தையும் மண்சரிவையும் முதலிரு தலைப்புகளாக்கி விண்ணப்பங்களை அழைக்கும்படி அரசாங்கத்தை வேண்டுகிறேன்.