ஒரு நாட்செலவு

செலவு என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லுதல் ஒன்று. கையிலுள்ள பொருள் கழிதல் மற்றொன்று. இக்காலத்து உலக வழக்கில் முன்னது மறைந்து பின்னதே எஞ்சி நிற்கின்றது. ஆயினும் அவ்விரண்டையும் ஒருங்கே நினைத்தற்குரிய இடம் ஒன்றுண்டு. அஃது ஒரே பகலிற் போய் மீளும் பயணமாம். அதிற் கழிவது பணம் மட்டுமன்று. மீண்டும் பெறற்கரிய ஒரு பகலுங் கழிகின்றது. அப்பகலை எங்ஙனம் செலவிடுதல் தக்கது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

நம் கல்லூரியிற் பயின்ற அண்ணன்மாரும் அக்காமாரும் சிலர் மேற்கல்வியின் பொருட்டு ஐரோப்பா சென்று வாழ்கின்றனர். இன்று எம்முடன் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பவருள்ளும் நாளை சிலர் அவ்வழிச் செல்லக்கூடும். விடுமுறை நாளொன்றிற் பாரிஸ் மாநகரினின்று கடல் காணச் செல்ல விழைவார்க்கு யாம் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் ஊர் நார்மாண்டி நாட்டுக் கடற்கரையிலுள்ள தியெப் என்பது. அவ்வூரை யாம் கண்ணாற் கண்டோமல்லேம். நூல்கொண்டும் நிலப்படங்கொண்டும் எழுதுகின்றோம். பண்டை ஆற்றுப்படைகளில் வழிகூறுவோன் தான் முன்னர்ச் சென்று பயன்பெற்றவன் அன்றோ, சென்றறியாதார் வழிகூறல் தகுமோ எனின், யாம் கூறப்புகுவது அனுபவமன்று, திட்டம். திட்டமிடுதல் செல்லுமுன் செய்வதேயன்றிச் சென்றபின் செய்வதன்று.

இக்காலத்து வழிகாட்டிகள் பல ஒரு பெருங்குறையுடையன. காலையில் எத்ரதாவின் வளைவுப் பாறை, நண்பகலில் ஓன்புளோர்த் துறை, மாலையில் தோவீல் மணற்கரை என மூன்று ஊர்களை ஒரு பகலுள் அடைக்கின்றன. அவ்வாறு செல்வோர் காண்பது ஊரன்று, வண்டியின் சாளரமே. ஒவ்வோரூரிலும் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு மீண்டும் வண்டியேறுவது அவ்வூர்களைக் கண்டதாகாது. அவற்றின் பெயர்களை எண்ணியதேயாம். இதற்கு மாறாக, திட்டம் யாதுமின்றிக் கால்போன போக்கிற் செல்வதே இன்பம் என்பாரும் உளர். அவர் பல வேளைகளில் மூடிய கதவுகளையே கண்டு திரும்புவர். ஓரூரையே கொள்க, அவ்வூரிலும் சிலவற்றையே கொள்க, கொண்டவற்றை முன்னரே கற்றுச் செல்க. இதுவே எம் கருத்து.

முதற்கண் வழியை நோக்குவோம். பாரிஸில் சேன் லசார் நிலையத்திற் புகைவண்டி ஏறி, ரூவான் நகரில் வண்டி மாறித் தியெப் சேர்தற்கு இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். இவ்விருப்புப்பாதை 1848இல் தியெப்பை எய்தியது. அதன் பின்னரே பாரிஸ் மக்கட்கு அது மிக அண்மைக் கடற்கரைகளுள் ஒன்றாயிற்று. காலை 8 மணிக்குட் புறப்பட்டு மாலை 6 மணியளவில் மீளுவோர்க்கு ஊரிற் கிடைப்பது ஏறக்குறைய 7 மணி நேரமே. ஆதலின் மீளும் வண்டியை முதலிற் குறித்துக்கொண்டு, அதன்பின் மற்றவற்றைப் பின்னோக்கி எண்ணுதல் வேண்டும். இங்கிலாந்திலுள்ளோர் நியூஹேவன் துறையினின்று கப்பலில் வரலாம். ஆயின் கடல்வழி மட்டும் ஏறத்தாழ 4 மணி நேரமாகும். போக்குவரவிற்கே 8 மணி நேரங் கழியுமாதலின் அவர் ஓரிரவு தங்குதலே அறிவுடைமை. அன்றியும், இந்தியக் கடவுச்சீட்டுடையார் பிரான்சிற்குள் நுழைதற்கு இங்கிலாந்தில் வாழும் உரிமை மட்டும் போதாது. ஷெங்கன் நுழைவு அனுமதியைத் தனியே பெறல் வேண்டும்.

நாளைத் தெரிந்துகொள்ளுதல் அடுத்தது. சனிக்கிழமையே சிறந்தது என்போம். அன்றுதான் ஊர் நடுவே பெருஞ்சந்தை கூடுகின்றது. நார்மாண்டி உழவர் தம் வெண்ணெயும் பாற்கட்டியும் ஆப்பிள்மதுவுங் கொணர்ந்து விற்பதையும், ஊரார் தம்முள் உரையாடுவதையும் அங்குக் காணலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பல மூடியிருக்கும். பிரெஞ்சு அருங்காட்சியகங்கள் பலவும் வாரத்தில் ஒருநாள், திங்களோ செவ்வாயோ, மூடுதல் வழக்கம். உண்டிச்சாலைகளிற் பகலுணவு நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரையே பெரும்பாலும் கிடைக்கும். 3 மணிக்குப் பசியுடன் செல்வார்க்கு அடுப்பு அணைந்திருக்கும். இவை சிறியனவாகத் தோன்றும். ஆயின் ஒரு பகலை ஆக்குவனவும் அழிப்பனவும் இவையே.

கடலின் ஓதத்தை அறியாது அக்கரைக்குச் செல்லுதல் கூடாது. சென்னைக் கரையில் ஓதம் ஏறி இறங்கும் அளவு பெருவெள்ள நாளிலும் ஏறக்குறைய 1 மீட்டரே. தியெப்பிலோ அந்நாட்களில் அது 8 மீட்டருக்கும் மேற்படும். ஓதம் ஏறியபோது அக்கரை முழுதும் உருண்ட கூழாங்கற்களேயாகும். இறங்கியபோது அவற்றிற்கப்பால் மணற்பரப்பு வெளிப்படும். ஓதம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வருமாதலின், தாம் செல்லும் நாட்குரிய அட்டவணையைப் பார்த்தே கரையில் உலவும் நேரத்தைக் குறித்தல் வேண்டும். ஊரின் இருபுறத்தும் வெண்சுண்ணப் பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் அடியில் நடப்போரை ஏறிவரும் ஓதம் வளைத்துக்கொள்ளுதல் உண்டு. பாறைகளும் ஆண்டிற்கு ஏறத்தாழ ஒரு சாண் அளவாகச் சரிந்து பின்வாங்கிவருகின்றன. ஆகவே பாறையடியில் அமர்ந்து உண்ணற்க; பாறையின் விளிம்பில் நின்று படமெடுக்கற்க. கூழாங்கல் ஒன்றையேனும் நினைவாக எடுத்து வருதலும் ஆகாது. அலையின் வலியை அடக்கிக் கரையைக் காப்பன அக்கற்களே. அவற்றை அள்ளுதலைச் சட்டமும் விலக்கியுள்ளது. ஒருவர் ஒரு கல் எடுப்பின் என்னாம் எனலாம். கோடையில் வருவோர் ஒருவரல்லரே.

ஊரினுட் புகுவோம். சேன் ழாக் கோவில் பல நூற்றாண்டுகளாகக் கட்டப்பெற்றது. ஓவியர் பிசாரோ அதனை 1901இல் எழுதியுள்ளார். அதனுள் ஒரு கற்சுவரிற் கடல் கடந்த நாடுகளின் மக்கள் நிரலாகச் செதுக்கப்பட்டுள்ளனர். 16ஆம் நூற்றாண்டிற் கப்பலுடைப் பெருவணிகராக விளங்கிய ழான் ஆங்கோவின் காலத்துத் தியெப் எத்துணைத் தொலைவு கைநீட்டியது என்பதற்கு அச்சுவரே சான்று. 1529இல் இவ்வூரினின்று புறப்பட்ட ழான் பார்மாந்தியே என்பவர் மாலுமியும் புலவருமாவர். அவரும் அவர்தம் உடன்பிறந்தார் ராவுலும் இந்துமாக்கடலைக் கடந்து சுமத்திரா சேர்ந்து, அங்கேயே மாண்டனர். கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்தில் தந்தத்திற் செதுக்கிய நுண்பொருள்கள் பல உள. அவற்றின் வேலைப்பாட்டை வியப்போர், அத்தந்தம் மேலை ஆப்பிரிக்கக் கரையினின்று வந்தது என்பதையும், அதன்பொருட்டு யானைகள் உயிரிழந்தன என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். அழகு பழியை மறைத்தல் எளிது.

நிற்க. யாம் பிற ஊர்களை விடுத்துத் தியெப்பைக் கொண்டதன் தலையாய காரணம் இனியே வருகின்றது.

1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் விடியற்காலையில், ஜெர்மானியர் வயப்பட்டிருந்த இக்கரையில் ஏறத்தாழ 6,000 போர்வீரர் கடல்வழி வந்திறங்கினர். அவருள் ஏறக்குறைய 5,000 பேர் கனடா நாட்டினர். துறைமுகத்தைச் சில மணி நேரம் கைப்பற்றியிருந்து, பகைவரை அறிந்து, அன்றே மீளுதல் அவர்தம் திட்டம். அதுவும் ஒரு நாட்செலவே என்க. ஆயின் அத்திட்டத்தை வகுத்தோர், கரையின் சரிவு டாங்கிகள் ஏறத்தக்கதோ என்பதை விடுமுறைக்கு வந்தோர் எடுத்த நிழற்படங்களையும் அஞ்சலட்டைப் படங்களையுங் கொண்டே கணித்தனர். பாறைக் குடைவுகளில் மறைந்திருந்த பீரங்கிகளை அப்படங்கள் காட்டவில்லை. டாங்கிகள் சில கூழாங்கற்களிற் சிக்கி நின்றன. கரையேறியவையும் தெருவடைப்புக்களைத் தாண்டி ஊருட் புகவியலவில்லை. பிற்பகலுக்குள் யாவும் முடிந்தது. கனடா வீரருள் 907 பேர் மாண்டனர். 1,946 பேர் சிறைப்பட்டனர். இங்கிலாந்து மீண்டோர் பாதியினுங் குறைவு. இறந்தாருட் பலர் ஏறத்தாழ எம் வயதினர். அதனினும் ஓரிரு ஆண்டு மூத்தோர்.

இதனை அறியாது அக்கரைக்குச் செல்வோர்க்கு அது கற்கரை. அறிந்து செல்வோர்க்கு அது வேறொன்று. இதனினும் பெரிய வேறுபாட்டை எவ்வழிகாட்டி தரவல்லது? இன்று அக்கரையிற் சிறார் விளையாடுகின்றனர், ஊரார் நீராடுகின்றனர். அது தவறன்று. அவர் அங்கு அச்சமின்றி விளையாடுதற்காகவே 1944 செப்டம்பர் முதல்நாள் அவ்வூர் விடுதலை பெற்றது; அன்று ஊருட் புகுந்தவரும் கனடா வீரரே. ஆயின் விருந்தினராகச் செல்லும் நாம் அரைமணி நேரமாயினும் அங்கு வாளா நிற்றல் கடன். ஊர்ப்புறத்தே ஓத்தோ என்னுஞ் சிற்றூரிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் 900க்கு மேற்பட்டோர் துயில்கின்றனர். கற்கள் ஒன்றன் முதுகோடு ஒன்று பொருந்த இரட்டை வரிசையாக நிற்கின்றன. வீரரை முதலில் அடக்கஞ் செய்த ஜெர்மானியர் வகுத்த அவ்வமைப்பு மாற்றப்படாமல் விடப்பட்டுள்ளது. அங்குச் சென்றுவர ஒன்றரை மணி நேரமேனும் வேண்டும். நேரம் போதாதெனின் எதனை விடலாம் என வினவுவார்க்கு, அருங்காட்சியகத்தை விடுக, கல்லறையை விடற்க என்போம்.

எஞ்சிய பொழுதைத் துறையின் மறுகரைக்குத் தருக. 1889இற் கட்டப்பெற்று நீரழுத்தத்தால் இயங்கும் கொல்பேர் சுழல்பாலத்தைக் கடந்தால் லெ பொல்லே என்னும் பழைய மீனவர் குடியிருப்பு. அதற்கு மேலே பாறை முகட்டில், 1876இல் எழுந்த சிறு கோவில் ஒன்றுண்டு. கடலிற் போய் மீளாதார் பெயர்கள் அதன் சுவர்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. போரில் மாண்டார்க்கு அரசு கல் நடும். வலைவீசச் சென்று மாண்டார்க்கு அவர்தம் மனைவியரும் மக்களுமே கல் நடுவர். இரண்டையும் ஒரே நாளிற் காண்பார் கடல் என்பது காட்சிப்பொருள் மட்டுமன்று என உணர்வர். துறையில் மீன் வாங்குவோர் ஒன்றறிக: இவ்வூர்க்குப் பேர்தந்த விசிறிவடிவச் சிப்பியைக் கடலினின்று எடுத்தற்குரிய காலம் அக்டோபர் 1 முதல் மே 15 வரையே. எஞ்சிய திங்கள்களில் அஃது இனம்பெருக விடப்படும். கோடையில் அது கிடைக்கவில்லையே என முனிவதற்கு மாறாக, நாளைய மீனவனுக்காக இன்று கையடக்கும் அவ்வொழுங்கை மெச்சுதல் வேண்டும்.

இத்துணைத் திட்டம் இன்பத்தைக் கெடாதோ எனச் சிலர் வினவுவர். கெடாது. யாப்பறிந்தான் பாட்டை நுகர்தலில் குறைவுடையனல்லன், மிகுதியுடையன். வண்டியும் ஓதமும் உணவுவேளையும் முன்னரே குறிக்கப்பட்டிருப்பின், உள்ளம் அவற்றைப் பற்றிக் கவலாது, கண்டதிற் படியும். மழை பெய்யின் என் செய்வது எனின், அவ்வடகடலோரத்தில் மழை விருந்தன்று, வீட்டுக்குரியதே. மழையாடை ஒன்று பையிலிருப்பின் போதும்.

ஒருநாளில் ஓரூரை அறிந்துவிட முடியுமோ என்பார்க்கும் விடையுண்டு. முடியாது. ஆயின் ஓரூரை அறியாமலே பத்துநாள் தங்குதலும் முடியும். படங்களை நம்பி அக்கரைக்கு வந்தோர் என் ஆயினர் என்பதைத் தியெப்பே நமக்குக் கூறிக்கொண்டிருக்கின்றது. ஆதலின் நண்பர்காள், செல்வதாயிற் கற்றுச் செல்மின். சென்றவிடத்துச் சிலவற்றை நின்று காண்மின். கல்லொன்றும் கொணராது திரும்புமின். யாம் இவண் எழுதியவற்றுள் எவை பொருந்தும், எவை பொருந்தா என்பதை, சென்று மீண்டவர் வருமாண்டு இவ்விதழில் எழுதுவாராயின், அதுவே மெய்யான ஆற்றுப்படையாகும்.